இரண்டு தாழ்வாரங்களுக்குப் பன்னிரண்டு கிளாரினெட்

1

படிவத்தில் 'தொழில்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஏழு வருடங்களாக அதில் ஒரே பதிலை எழுதி வருகிறேன்: சூரி ரூமா. மலாய் மொழியில் இல்லத்தரசி. முதல் வருடம் என் கணவர் குமரன் எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்ல எழுதினேன். இப்போது கை தானாகவே எழுதிவிடுகிறது. அது தானாக எழுதுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மலேசியாவில் இந்த நாட்டுக்காரரை மணந்து தங்கியிருப்பவள் என்பதால், ஆண்டுக்கு ஒரு முறை அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். நாங்கள் இருப்பது ரந்தாவுக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டம். குமரன் தோட்ட அலுவலகத்தில் எழுத்தர். வயதானவர்கள் இன்னும் அவரைக் கிராணி என்றுதான் கூப்பிடுகிறார்கள். காலையில் புறப்பட்டு சிரம்பானுக்குக் காரில் போய், எண் சீட்டு எடுத்து, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பலகையில் சிவப்பு எண் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருப்போம். எங்கள் மகள் யாழினிக்கு ஆறு வயது. அவளை விட்டுவிட்டு வர ஆள் இல்லை என்பதால் அவளும் வருவாள்.

இந்த ஆண்டு எங்கள் எண் வந்தபோது, திருமணச் சான்றிதழின் அசலை வீட்டிலேயே வைத்துவிட்டு நகலை மட்டும் எடுத்து வந்திருப்பது தெரிந்தது. தவறு என்னுடையது. முகப்பில் இருந்த அம்மாள் கோபப்படவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு தேதியைத் தாளில் குறித்து நீட்டினார். நான் தப்பும் தவறுமாக மலாயில் நன்றி சொன்னேன். யாழினி என் சேலையை இழுத்து, அப்படிச் சொல்லக்கூடாது, இப்படிச் சொல்ல வேண்டும் என்று திருத்தினாள். அந்த அம்மாள் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

என் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான். இதை நான் எங்கே போனாலும் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். சில சமயம் வாய்விட்டும் சொல்லிவிடுவேன். விழுப்புரத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் மேற்கத்திய இசைக் குறிகளைப் படிக்கக் கற்றேன். சென்னையில் கல்லூரி. அங்கே சேர்ந்திசைக் குழுவில் பாடிக்கொண்டே, இசைக்கான தேர்வுகள் ஒவ்வொன்றாக எழுதித் தேறினேன். அந்தச் சான்றிதழ்கள் எல்லாம் இங்கே அலமாரியில், துணிகளுக்கு அடியில் இருக்கின்றன. கடவுச்சீட்டில் உள்ள முத்திரை, நான் எந்த வேலையும் செய்யக்கூடாது என்கிறது. வேலை தருகிறேன் என்று ஒருவர் கடிதம் கொடுத்தால் அனுமதி கேட்கலாம். அனுமதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் யாரும் கடிதம் கொடுப்பார்கள். இதை நினைத்துக் கோபப்படுவதையும் மூன்றாவது வருடத்திலேயே நிறுத்திவிட்டேன்.

2

அந்த மூன்று வாரத்துக்குள்தான் பள்ளியின் விழா இருந்தது. அதைச் சொல்வதற்கு நான்கு மாதம் பின்னால் போக வேண்டும்.

பக்கத்து இடைநிலைப் பள்ளியில் ஒரு வாத்தியக் குழு உண்டு. பொறுப்பாளர் ரொஹானா டீச்சர், மலாய்க்காரர், கணக்கு ஆசிரியை. அவருக்கு இசை தெரியாது. ஆனால் பிடிவாதம் தெரியும். டிரம்பெட் வாசித்த பிள்ளைகள் ஒரே வருடத்தில் பள்ளி முடித்துப் போய்விட, மிஞ்சியது கிளாரினெட் வாசிக்கும் பன்னிரண்டு பேர். அதில் பதினொன்று சாதாரணக் கிளாரினெட். ஒன்று பேஸ் கிளாரினெட், அதாவது அடித்தொண்டையில் பேசும் பெரியது. பள்ளி விழாவுக்கு இந்தப் பன்னிரண்டு பேரை வைத்து என்ன செய்வது என்று அவர் எதிரே வருபவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு இசைக் குறி தெரியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் தோட்டத்துக்கே வந்துவிட்டார்.

சம்பளம் வேண்டாம், நான் வாங்கவும் கூடாது என்று நான் முதலிலேயே சொன்னேன். அவர் தலையாட்டினார். பிறகு பள்ளியைச் சுற்றிக் காட்டினார். இரண்டு மாடிக் கட்டடங்கள் எதிரெதிரே நிற்கின்றன. இரண்டுக்கும் நடுவே பிள்ளைகள் காலையில் அணிவகுக்கும் சிமெண்டுத் தரை. இரண்டு கட்டடத்திலும் முதல் மாடியில் நீளத் தாழ்வாரம். இரும்புக் கம்பித் தடுப்பு. அந்தத் தரையின் நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தேன். எனக்கு உடனே புரிந்துவிட்டது.

நானூறு வருடங்களுக்கு முன்னால் இத்தாலியில், தண்ணீர் மேல் கட்டிய வெனிஸ் நகரத்தில், ஒரு தேவாலயத்துக்குள் எதிரெதிரே மாடங்கள் இருந்தன. அந்த மாடங்களில் இரண்டு குழுக்களை நிறுத்தி, ஒரு குழு கேட்க மறு குழு பதில் சொல்வதுபோல அங்கே இசை எழுதினார்கள். கீழே இருப்பவர்களுக்கு இசை தலைக்கு மேலே இடமும் வலமும் போய் வரும். கல்லூரியில் அப்படி எட்டுக் குரல் கொண்ட ஒரு பாடலை நாங்கள் பாடியிருக்கிறோம். லத்தீன் வார்த்தைகள் எனக்குப் புரியவில்லை. ஆனால் எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் வரும்போது முதுகு சிலிர்க்கும். அந்தப் பாடலின் தாளை வைத்துக்கொண்டு, பன்னிரண்டு கிளாரினெட்டுக்கு மாற்றி எழுத உட்கார்ந்தேன்.

தினமும் காலை வேலை எனக்கு ஒன்றுதான். ஆறரைக்கு யாழினியைப் பள்ளி வேனில் ஏற்றுவது. அதற்குப் பிறகு துணி, சமையல், செம்பனைக் குலை ஏற்றிய லாரி போகும் சத்தம், புழுதி. அந்த நான்கு மாதம் மட்டும் பத்து மணிக்குச் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டுப் பென்சிலோடு உட்கார்வேன்.

மனிதக் குரலுக்கு எழுதியதைக் கிளாரினெட்டுக்கு எழுதுவது வெறும் நகலெடுப்பு அல்ல. மேல் சுரங்களில் அது பளிச்சென்று இருக்கும். கீழே போனால் கருத்து, தேன்போலக் கனக்கும். நடுவில் நாலைந்து சுரங்கள் மட்டும் சோனியாக, மூக்கடைத்த மாதிரி வரும். அந்தச் சுரங்களில் முக்கியமான வரி விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரிய சிக்கல் வேறு. இரண்டு குழுவிலும் ஒரே வாத்தியம் என்றால், யார் கேட்கிறார், யார் பதில் சொல்கிறார் என்று கீழே இருப்பவருக்கு எப்படித் தெரியும்? அதனால் முதல் குழுவை மேலே தூக்கினேன். இரண்டாம் குழுவைக் கீழே இறக்கி, பேஸ் கிளாரினெட்டை அங்கே கொடுத்தேன். ஒரு பக்கம் வெளிச்சம், மறு பக்கம் நிழல். எழுதி முடித்தபோது எனக்கு நானே பெருமைப்பட்டுக்கொண்டேன். ஏழு வருடத்தில் நான் படித்த படிப்பு ஒரு தாளில் இறங்கியது அதுதான் முதல் முறை.

3

அப்பா விழுப்புரத்தில் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பவர். பெயர் தங்கராசு. கையெழுத்துப் போடத் தெரியாது. இசைக் குறியும் தெரியாது. ஒரு பாட்டை இரண்டு முறை கேட்டால் வாசித்துவிடுவார்.

மாப்பிள்ளை அழைப்பில் முன்னால் பேண்டு போகும்போது ஒரு விதி உண்டு. யாரும் எழுதி வைக்காத விதி. சத்தம் நிற்கக்கூடாது. நின்றால் ஊர்வலம் நிற்கும். யாராவது ஒருவர் பின்னாலிருந்து, என்னா மேஸ்திரி, தூங்கிட்டீங்களா என்று கத்துவார். அதனால் டிரம்பெட்காரர் மூச்சு வாங்கினால் அப்பா இழுத்துப் பிடிப்பார். அப்பா மூச்சு வாங்கினால் டிரம்பெட் பிடிக்கும். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் வரைக்கும் யாராவது ஒரு சுரத்தைத் தாங்கிக்கொண்டே இருப்பார்கள். சின்ன வயதில் ஊர்வலத்தோடு நடந்து போயிருக்கிறேன். இசை என்றால் நடுவில் ஓட்டை இல்லாமல் இருப்பது என்றுதான் என் காதுக்குத் தெரியும்.

பேண்டின் பலகையில் முதலாளியின் பெயர் இருக்கும். கல்யாணப் பத்திரிகையிலும் அந்தப் பெயர்தான். வாசிப்பவர்களுக்குப் பெயர் கிடையாது. 'அந்தக் கிளாரினெட்டுக்காரரை வரச்சொல்லு' என்பார்கள். என் கடவுச்சீட்டில் என் பெயர் செல்வராணி தங்கராசு. இந்த நாட்டில் எங்கே என் பெயரைக் கூப்பிட்டாலும் அப்பா பெயரும் சேர்ந்து வரும். விழாவுக்கு அச்சிடும் நிகழ்ச்சித் தாளில் 'வாத்தியக் குழுவுக்கு மாற்றி எழுதியவர்' என்று ஒரு வரி வரும், அதில் உன் பெயரும் இருக்கும் என்று அவரிடம் தொலைபேசியில் சொல்லியிருந்தேன்.

"அச்சுலயா?" என்றார்.

"ஆமாப்பா. அச்சுல."

"அனுப்பு. டீக்கடையில படிச்சிக் காட்டச் சொல்றேன்."

இது போதும். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் தாள் வந்துவிட்டதா என்று மட்டும் கேட்டார்.

4

பள்ளியில் பிற்பகலில் இடம் கிடைக்காது. பன்னிரண்டு பேரில் ஏழு பேர் எங்கள் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டங்களிலும் இருப்பவர்கள். அதனால் ஒத்திகை எங்கள் வீட்டிலேயே நடந்தது. எங்கள் குடியிருப்பில் வீடுகள் இரண்டு வரிசையாக எதிரெதிரே இருக்கின்றன. நடுவில் செம்மண் பாதை. முதல் குழு என் வீட்டு வாசலில். இரண்டாம் குழு எதிர்வீட்டு வாசலில். எதிர்வீட்டில் இருப்பவர் பார்வதி அக்கா. உரம் போடும் வேலைக்குப் போய்விட்டு மூன்று மணிக்குத் திரும்புவார். குளித்துவிட்டு, நாற்காலி போட்டு, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து கேட்பார்.

முதல் நாள் வாசித்தோம். பிள்ளைகள் நன்றாகத்தான் வாசித்தார்கள். ஆனால் என்னவோ ஒன்று நடக்கவில்லை. பாதையின் நடுவில் நின்ற எனக்கு முதுகு சிலிர்க்கவில்லை. சிரத்தையாகச் செய்த சாம்பாரில் உப்பு மறந்த மாதிரி இருந்தது. அன்றைக்கு மட்டுமல்ல, அடுத்த இரண்டு ஒத்திகையிலும் அப்படித்தான். பிள்ளைகளுக்குப் பயிற்சி போதவில்லை என்று சொல்லி, அவர்களை மறுபடி மறுபடி வாசிக்க வைத்தேன்.

பேஸ் கிளாரினெட் வாசிப்பவள் தாரணி. நான்காம் படிவம், அதாவது பதினாறு வயது. அந்த வாத்தியம் அவள் இடுப்புக்கு மேல் உயரம். மூன்றாவது ஒத்திகையில் அவள் வாத்தியத்தைக் கீழே ஊன்றிவிட்டுக் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு."

"ரெண்டு பக்கமும் எப்பவும் ஒண்ணாத்தானே ஊதுறோம். அப்புறம் என்னாத்துக்கு நாங்க மட்டும் இந்த வீட்டுல வந்து நிக்கணும்? அங்கயே நின்னு ஊதலாம்லா."

பார்வதி அக்கா நாற்காலியில் இருந்தபடியே, "என் வீட்டு வாசல்ல நின்னா ஒனக்கு என்னா கொறைஞ்சு போச்சு?" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள்.

பிறகு அவரே என்னைப் பார்த்து, "ஆனா அது சொல்றதும் சரிதான் செல்வி. அந்தப் பக்கம் பேசறப்ப இந்தப் பக்கமும் ம்ம்ம்ம்னு ஏதோ இழுத்துக்கிட்டே இருக்கு. எங்க வீட்டுக்காரரு மாதிரி. நான் பேசி முடிக்கிற வரைக்கும் ம்ம்ம்ம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை தேர்வு எழுதியவளுக்குப் பதினாறு வயதுப் பெண்ணும் உரம் போடும் அக்காவும் பாடம் சொல்வதா என்றிருந்தது. அன்றைக்கு ஒத்திகையை அதோடு முடித்துவிட்டேன். மறுநாள் காலை பழைய தாளையும் நான் எழுதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

பழைய தாளில், ஒரு குழு பாடும்போது மற்றக் குழுவுக்கு ஓய்வுக் குறி இருந்தது. மூன்று தாளச் சுற்று, நான்கு சுற்று, சில இடத்தில் ஏழு சுற்று சும்மா நிற்க வேண்டும். ஒரே ஓர் இடத்தில் இரண்டு குழுவும் சேர்ந்து நிற்கும். அங்கே முழு மௌனம். என் தாளில் அப்படி ஓர் இடம்கூட இல்லை. சும்மா நிற்க வேண்டிய குழுவுக்கெல்லாம், நாதசுரத்துக்குப் பக்கத்தில் ஒத்துக்காரர் பிடிப்பாரே, அதுபோல ஒரு நீளச் சுரத்தைக் கொடுத்திருந்தேன். முழு மௌனத்தையும் பேஸ் கிளாரினெட்டால் அடைத்திருந்தேன். இதையெல்லாம் யோசித்து எழுதியதாக எனக்கு நினைவே இல்லை. ஓட்டையைப் பார்த்ததும் கை தானாக அடைத்திருக்கிறது.

ஓய்வுக் குறி என்பது வாசிப்பது போலவே எழுதப்பட்ட ஒன்று என்று நான் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள். தேர்வில் அதற்கு மதிப்பெண்ணும் வாங்கினவள்.

அழிக்க ஆரம்பித்தேன். பன்னிரண்டு பேருடைய தாள்கள். நான்கு காலை ஆனது. யாழினிக்கு அப்போது பள்ளி விடுமுறை. எதிரே உட்கார்ந்து, ரப்பர் துகளை ஒரு தீப்பெட்டிக்குள் சேர்த்துக்கொண்டிருந்தாள். என்ன செய்கிறீர்கள் என்று அவள் மலாயில் கேட்டாள். நான் தமிழில் பதில் சொன்னேன். எங்கள் வீட்டில் இப்போது பெரும்பாலும் அப்படித்தான் பேச்சு நடக்கிறது. அவள் கேட்பது ஒரு மொழி, நான் சொல்வது இன்னொன்று. விழுப்புரத்துத் தாத்தாவிடம் தொலைபேசியைக் கொடுத்தால், "ம்", "சரி" என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத் திருப்பித் தந்துவிடுவாள்.

அடுத்த ஒத்திகையில் சும்மா நிற்பதுதான் பிள்ளைகளுக்குக் கஷ்டமாக இருந்தது. எண்ணிக்கையை விட்டுவிடுவார்கள், லாரி போனால் திரும்பிப் பார்ப்பார்கள். வாத்தியத்தை இறக்காதே, ஊதுவதுபோலவே நில், மனசுக்குள் எண்ணு என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டியது. ஒரு நாள் அது சரியாக அமைந்தது. என் வாசலிலிருந்து கேள்வி போனது. அது அடங்கியது. ஒரு கணம் ஒன்றுமே இல்லை, எங்கோ ஒரு சேவல் மட்டும். பிறகு பார்வதி அக்கா வாசலிலிருந்து பதில் வந்தது. அக்கா காலைக் கீழே இறக்கி நேராக உட்கார்ந்தார்.

5

ரொஹானா டீச்சர் நிகழ்ச்சித் தாளின் மாதிரியைக் கொண்டுவந்து காட்டியது, நாங்கள் குடிநுழைவு அலுவலகத்துக்குப் போய் வந்த மறுநாள். மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. என் பெயர் இருந்தது. தங்கராசு என்ற பெயரும் இருந்தது. நான் அதை விரலால் ஒரு முறை தொட்டுப் பார்த்தேன்.

குமரன் வேலை முடிந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் அதைப் படித்தார்.

"இது அச்சாகி வெளிய வந்தா, நாளைக்கு யாராச்சும் கேட்டா என்னா சொல்லுவ? சூரி ரூமான்னு எழுதிக் கொடுத்துட்டு வந்திருக்க. இன்னும் முத்திரை விழல."

"காசு வாங்கலையே."

"வாங்கலன்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். தாளுக்குத் தெரியுமா?"

அவர் கொடுமைக்காரர் அல்ல. பயந்தவர். நானும் யாழினியும் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் என்று ஆகிவிடுமோ என்ற பயம் ஏழு வருடமாக அவரிடம் இருக்கிறது. காரணமில்லாத பயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. காரணம் இருக்கிறது என்றும் நிரூபிக்க முடியவில்லை. யாரிடமாவது கேட்கலாம். கேட்டால், கேட்டது தெரிந்துவிடும். இப்படியே சுற்றிச் சுற்றி வந்தோம். கடைசியில் பேசிப் பேசி எனக்கு அலுத்துவிட்டது. ரொஹானா டீச்சருக்கு நானே தொலைபேசியில் சொன்னேன்: என் பெயரை எடுத்துவிடுங்கள்.

 அப்படியானால் அந்த வரியையே எடுத்துவிடவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். அது முடியாது, நான் ஒரு சுரம்கூட எழுதவில்லை என்றார். கணக்கு ஆசிரியை. அச்சாகி வந்த தாளில், 'மாற்றி எழுதியவர்' என்ற வார்த்தைக்குப் பிறகு ஒரு சின்னக் கோடு மட்டும் இருந்தது.

6

விழாவன்று காலையில் தூறல். பிறகு வெயில். சிமெண்டுத் தரையில் ஆவி எழும்பியது. பெற்றோர்கள், பெரிய மனிதர்கள், பிளாஸ்டிக் நாற்காலிகள். அடுத்த ஊரான பெடாஸிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். பார்வதி அக்கா பட்டுச் சேலை கட்டிக்கொண்டு முன்வரிசைக்குப் பக்கத்தில் எப்படியோ இடம் பிடித்துவிட்டார். நான் பின்னால், தூண் ஓரத்தில் நின்று கைப்பேசியில் பதிவு செய்தேன். கைகாட்டி நடத்துவது ரொஹானா டீச்சர். நான் சொல்லிக் கொடுத்தபடி, நடுவில் நின்று ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று விட்டுவிடாமல் எண்ணினார்.

இடது தாழ்வாரத்திலிருந்து முதல் குழு தொடங்கியது. எல்லோரும் தலையைத் தூக்கி இடப்பக்கம் பார்த்தார்கள். வலப்பக்கத்திலிருந்து பதில் வந்தது. எல்லாத் தலையும் வலப்பக்கம் திரும்பியது. எனக்கு முதுகு சிலிர்த்தது. நான்கு மாதம் அதற்காகத்தான் உட்கார்ந்தேன்.

பிறகு அந்த முழு மௌனம் வந்தது. இரண்டு பக்கமும் அடங்கி, கம்பித் தடுப்புக்குப் பின்னால் பன்னிரண்டு பேரும் அசையாமல் நின்றார்கள். ஊதுவதுபோலவே, நான் சொன்னபடியே.

முடிந்துவிட்டது என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது.

முன்வரிசையில் யாரோ ஆரம்பிக்க, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். சிலர் எழுந்தே நின்றார்கள். ரொஹானா டீச்சர் கையை அந்தரத்தில் நிறுத்தினார். தாரணி வாத்தியத்தை வாயிலிருந்து எடுக்கவில்லை. நின்றுகொண்டே இருந்தாள். கைதட்டல் குறைந்து, சந்தேகப்பட்டு, அடங்கிய பிறகுதான் ஆழத்திலிருந்து அந்தப் பதிலைத் தொடங்கினாள். கூட்டம் அசடு வழிந்தது. சிரிப்பும் வந்தது. மீதிப் பாதியை அவர்கள் அழகாக வாசித்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு என் காதிலிருந்து போகவில்லை. முடிந்ததும் கைதட்டினார்கள், ஆனால் இந்த முறை கொஞ்சம் தயங்கி, நிஜமாகவே முடிந்துவிட்டதா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு.

அவ்வளவு பாடுபட்டு அழித்த இடம். அங்கே நான் ஏதாவது ஒரு சுரத்தை விட்டுவைத்திருக்கலாம் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நினைத்தேன். பதிவை அப்பாவுக்கு அனுப்பினேன். நிகழ்ச்சித் தாளை அனுப்பவில்லை.

7

குறித்துக் கொடுத்த தேதியில், அசல் சான்றிதழோடு மறுபடி சிரம்பான். அதே அம்மாள். காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, கணினியில் தட்டி, அச்சு இயந்திரம் சத்தம் போடும் நேரத்தில் யாழினியிடம் பேச்சுக் கொடுத்தார். எந்தப் பள்ளி, எத்தனாம் வகுப்பு. அப்புறம், வீட்டில் அம்மா என்ன செய்வார்?

யாழினி தெளிவான மலாயில் சொன்னாள்: "பாட்டு எழுதுவாங்க. பெரிய பள்ளிக்கு."

குமரனின் கை என் முழங்கைக்குப் பக்கத்தில் அப்படியே நின்றது. நான் விளக்கம் சொல்ல வாய் திறந்தேன். என் மலாய் எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டேன். மனதுக்குள் எண்ணினேன், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததுபோல.

"அப்படியா? சம்பளம் உண்டா?" அந்த அம்மாள் கேட்டார்.

யாழினி யோசித்தாள். "இல்ல. எழுதுவாங்க. அப்புறம் ரப்பர் வச்சு எல்லாத்தையும் அழிச்சிடுவாங்க."

அந்த அம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தார். என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. ஒட்டும் தாளைக் கடவுச்சீட்டில் ஒட்டி, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பேனாவால் காட்டினார். அடுத்த வருடம் அசலை முதல் தடவையே கொண்டு வரச் சொன்னார்.

காரில் ஏறியதும் குமரன் சிரிக்க ஆரம்பித்தார். ரந்தாவ் திருப்பம் வரும் வரைக்கும் சிரித்தார். "நல்ல வேளை, அழிச்சிடுவாங்கன்னு சொன்னா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் மடியில் கடவுச்சீட்டைத் திறந்து வைத்திருந்தேன். புதிய தாளில் செல்வராணி தங்கராசு என்று அச்சடித்திருந்தது. இந்த நாட்டில் அப்பா பெயர் அச்சாவது இப்படி வருடா வருடம் ஒட்டும் தாளில் மட்டும்தான். அதைப் படம் எடுத்து அனுப்பலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். டீக்கடையில் படிப்பவர், இதில் வேலை செய்யக்கூடாது என்று எழுதியிருக்கிறதே என்று மிச்சத்தையும் படித்துவிடுவார். மூடி வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவைக் கூப்பிட்டேன்.

"தாள் வந்துச்சாம்மா?"

"வந்துதுப்பா. ஆனா பேரு இல்ல. நான்தான் போட வேணாம்னு சொல்லிட்டேன்."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வழக்கமாக இப்படி ஒரு நிறுத்தம் வந்தால் நான்தான் எதையாவது சொல்லி அடைப்பேன். சாப்பிட்டாயா, மழை பெய்கிறதா என்று. அன்றைக்குச் சோர்வாக இருந்தது. சும்மா இருந்தேன். இருவருக்கும் நடுவில் கடல் இரைவதுபோலத் தொலைபேசி இரைந்தது.

"சரி வுடு," என்றார் கடைசியில். "அந்தப் பாட்டைக் கேட்டுக்கினுதான் இருக்கேன். நடுநடுவுல எடம் வுட்டு வெச்சிருக்கியே. அது எனக்குத்தானே?"

அப்படி இல்லை அப்பா, அது எதிர்க்குழு நிற்கும் இடம், அதுவும் இசைதான் என்று சொல்ல எனக்கு எல்லா வார்த்தையும் தெரியும்.

"ஆமாப்பா," என்றேன். படிவத்தில் எழுதியதையும் சேர்த்தால் அந்த மாதத்தில் நான் சொன்ன இரண்டாவது பொய்.

மறுநாள் காலை அவரிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்திருந்தது. யாழினியை வேனில் ஏற்றுவதற்கு முன்னால், வாசலில் நின்றபடியே போட்டேன். யாரோ ஒருவருடைய கைப்பேசியில் என் பதிவை ஓடவிட்டு, அதோடு சேர்ந்து அப்பா வாசிக்கிறார். பள்ளிக் கிளாரினெட்டுகளின் சுருதிக்கு வருவதற்காக வாத்தியத்தின் கழுத்தை இழுத்து நீட்டியிருக்கிறார்; முதலில் அந்தச் சரிபார்ப்புச் சத்தம். பிறகு எங்கெல்லாம் ஒரு பக்கம் மூச்சு விடுகிறதோ அங்கெல்லாம் அவர் புகுந்துவிடுகிறார். ஒரு குழு முடிக்கும் முன்பே அவசரமாகப் பிடித்துக்கொண்டு, அடுத்த குழு வந்ததும் கண்ணியமாக விலகுகிறார். நான் நான்கு காலை உட்கார்ந்து அழித்ததையெல்லாம் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வந்தார்.

அந்த முழு மௌனம் வந்தது. பன்னிரண்டு பேரும் நிற்கிறார்கள். அங்கே அப்பா தனியாக ஏறினார். ஒரு மூச்சு, நீளமான ஒரு வரி. மாப்பிள்ளை ஊர்வலம் தெருமுனை திரும்பும்போது வாசிப்பாரே, அந்த மாதிரி. அந்த வரியின் பாதியில் ஒருவர் கைதட்டினார். பிறகு பத்துப் பேர். அவர் மேல் சுரத்தில் போய் நின்றபோது ரந்தாவ் பள்ளியின் சிமெண்டுத் தரை முழுவதும் கைதட்டியது. சிலர் எழுந்து நின்றிருப்பார்கள். அவர் அவசரப்படாமல் அந்தச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு, கைதட்டல் அடங்கும் வரை காத்திருந்து, தாரணியிடம் கொடுத்துவிட்டு நிறுத்தினார்.

வேன் வந்து ஒலி எழுப்பியது. யாழினி புத்தகப்பையை முதுகில் மாட்டியபடி நகராமல் நின்றாள்.

"தாத்தாவுக்கா கைதட்டறாங்க?" என்று கேட்டாள், தமிழில்.

நான் அந்த இடத்தை இன்னொரு முறை ஓடவிட்டேன்.